மக்கள்தொகையா, எல்லைக்கோடா, ஆட்சியா: நைஜரை வைத்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: வளரும் நாடுகள் பல இன்னும் பின்தங்கியே இருக்க முதல் காரணம் எது? கட்டுக்கடங்காமல் பெருகும் மக்கள்தொகையா, காலனி ஆட்சியாளர்கள் தங்கள் வசதிக்குப் போட்டுவிட்டுப் போன எல்லைகளா, சொந்த ஆட்சியாளர்களின் கையாலாகாத்தனமா?

பொதுவாகப் பேசினால் மூன்றுக்கும் ஆதாரம் கிடைக்கும், மூன்றுக்கும் மறுப்பும் கிடைக்கும். அதனால் ஒரே ஒரு நாட்டை எடுத்துக்கொள்கிறேன்: நைஜர். பலரும் நைஜீரியாவோடு குழப்பிக்கொள்வது உண்டு. இது அதற்கு வடக்கே ஒட்டியிருக்கும், கடற்கரை இல்லாத தனி நாடு. பரப்பளவு 12.67 லட்சம் சதுர கிலோமீட்டர். கேட்டால் பெரிதாகத் தெரியும், ஆனால் பெரும்பகுதி சகாரா பாலைவனம். மழையை நம்பிக் கம்பும் சோளமும் விதைக்கக்கூடிய நிலம் தெற்கே ஒரு குறுகிய பட்டைதான். மக்களில் பெரும்பாலோர் அங்கேதான் நெருக்கிக்கொண்டு வாழ்கிறார்கள். கேள்வியில் வரும் மூன்று சிக்கல்களும் இங்கே உச்சத்தில் இருக்கின்றன.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசு ஒரு கிராமத்துக்கு என்னவாக வந்து சேர்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வரி வாங்குபவராக, அபராதம் போடுபவராக, தடை விதிப்பவராக வந்தால் மற்ற இரண்டு சிக்கல்களும் முற்றுகின்றன. மருந்தோடு, உரிமையோடு வந்தபோது அதே ஏழை நாட்டில் அதிசயிக்கத்தக்க மாற்றங்கள் நடந்திருக்கின்றன.

எல்லையிலிருந்து தொடங்கலாம். ஆப்பிரிக்காவைப் பெர்லின் மாநாட்டில் மேசையில் விரித்து வெட்டிப் பங்குபோட்டார்கள் என்று நாம் படித்திருக்கிறோம். உண்மையில் 1884-85 மாநாட்டில் பெரும்பாலான எல்லைகள் வரையப்படவே இல்லை. அவை அதற்குப் பின் இரண்டிரண்டு நாடுகளாகப் பேசி முடித்தவை. நைஜரின் தெற்கு எல்லைக்கு விதை போட்டது 1890-இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்பாடு. நைஜர் நதிக்கரையில் உள்ள சாய் என்ற ஊரிலிருந்து சாட் ஏரிக்கரையில் உள்ள பரூவா வரை ஒரு கோடு. வடக்கே பிரான்சுக்கு, தெற்கே பிரிட்டனுக்கு. பிரிட்டிஷ் பிரதமர் சால்ஸ்பரி, பிரான்சுக்குப் போனது விவசாயிகள் பாஷையில் ரொம்ப லேசான மண் என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார். அந்தக் கோடு எந்தெந்த ஊர்கள் வழியாகப் போகிறது என்று நேரில் பார்த்துவர மொந்தெய் என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி கிளம்பியதே உடன்பாடு முடிந்த பிறகுதான்.

கோட்டைப் பிறகு பலமுறை மாற்றினார்கள். 1898 ஒப்பந்தத்தில் சொகோட்டோ நகரைச் சுற்றி 100 மைல் ஆரத்தில் ஒரு வில் வரைந்தார்கள். அந்தக் கோட்டின்படி சாட் ஏரிக்குப் போகவேண்டிய பிரெஞ்சுப் படைக்குத் தண்ணீர் இல்லாத வழி மட்டுமே மிஞ்சியது. 1904-இல் அதைத் திருத்தினார்கள். பதிலுக்குப் பிரான்சு விட்டுக்கொடுத்தவற்றில் ஒன்று, இன்றைய கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடற்கரையில் அதற்கு இருந்த மீன்பிடி உரிமை. அட்லாண்டிக்கின் அந்தக் கரையில் பிடிக்கும் மீனுக்கும் சகாராவின் ஓரத்தில் கம்பு விதைப்பவனுக்கும் ஒரே பேரத்தில் விலை பேசப்பட்டது. இந்த விவரம் எனக்கு இன்றும் மனதை உறுத்துகிறது.

இடையில் 1899-இல் வூலே, ஷானுவான் என்ற இரு அதிகாரிகளின் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை வழிநெடுக ஊர்களைக் கொளுத்தியது. பிர்னி என்கோனி என்ற ஊரில் பெரும் படுகொலை நடந்தது. அவர்களைத் தடுக்க அனுப்பப்பட்ட மேலதிகாரியையே வூலே தன் படையினரை விட்டுச் சுட்டுக்கொன்றார். இன்று பிர்னி என்கோனி ஒரு எல்லை நகரம். லாரிகள் நைஜீரியாவுக்குப் போகும் வழி.

சரி, எல்லாப் பழியையும் அந்தக் கோட்டின்மேல் போட்டுவிடலாமா? அதுவும் முடியாது. எல்லையின் இருபுறமும் ஹவுசா மக்கள்தான், ஒரே மொழி, ஒரே சந்தை என்பது உண்மை. ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உஸ்மான் டான் ஃபோதியோ என்ற இஸ்லாமிய அறிஞர் நடத்திய புனிதப் போர் கட்சினா, கோபிர் போன்ற பழைய ஹவுசா அரசுகளைக் கவிழ்த்தது. தோற்ற அரச வம்சத்தார் வடக்கே ஓடி, மராடியிலும் அதன் அருகே திபிரியிலும் புதிய அரசுகளை அமைத்து, அவர் நிறுவிய சொகோட்டோ அரசோடு பல தலைமுறை போரிட்டார்கள். ஐரோப்பியர் போட்ட கோடு பல இடங்களில் இந்தப் பழைய போர்முனைக்குப் பக்கத்திலேயே விழுந்தது. ஒன்றாக இருந்த ஒரு நாட்டை வெட்டினார்கள் என்ற கதை, அந்த மண்ணின் சொந்த வரலாற்றைத் துடைத்துவிடுகிறது.

சுதந்திரம் வந்தபின் ஆப்பிரிக்கத் தலைவர்களே 1964-இல் கெய்ரோவில் கூடி, கிடைத்த எல்லைகளை அப்படியே மதிப்பது என்று முடிவெடுத்தார்கள். அது கோழைத்தனம் என்று நான் நினைக்கவில்லை. மாற்ற ஆரம்பித்திருந்தால் போருக்கு முடிவே இருந்திருக்காது. கோடு எங்கே கிடக்கிறது என்பதைவிட, அதை யார் எப்போது மூடுகிறார்கள் என்பதே கிராமத்து வாழ்க்கையை அதிகம் பாதித்திருக்கிறது. 1984-இல் நைஜீரிய ராணுவ அரசு நில எல்லைகளை மூடியது. நைஜரில் கடும் வறட்சி நடந்த அதே ஆண்டு. திறந்தது 1986-இல். 2019-இல் அரிசிக் கடத்தலைத் தடுக்கிறோம் என்று மறுபடி மூடினார்கள். 2023-இல் மூன்றாவது முறை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஆனால் நைஜருக்கு உள்ளேயே இன்னொரு கோடு உண்டு. வெளியுலகில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கேள்வியில் உள்ள மூன்றும் முடிச்சுப் போட்டுக்கொள்வது அங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1961-இல் நைஜர் அரசு ஒரு சட்டம் போட்டது. பயிரிடலுக்கு வடக்கு எல்லை ஒன்றை வகுத்து, அதற்கு மேலே யாரும் உழக்கூடாது, அது மேய்ச்சல் நிலம் என்றது. அதற்கு வடக்கே மழை நிச்சயமில்லை; துவாரெக், ஃபுலானி மக்கள் மாடும் ஒட்டகமும் ஓட்டி வாழும் பூமி அது. நல்ல நோக்கமுள்ள சட்டம்தான். ஆனால் 1950, 60-களில் மழை நன்றாகப் பெய்தது. தெற்கே குடும்பங்கள் பெருகின. அப்பா வைத்திருந்த நிலத்தை ஐந்தாறு மகன்கள் பிரித்துக்கொண்டபோது, கடைசி மகன்கள் வடக்கே போய் மேய்ச்சல் நிலத்தில் கம்பு விதைத்தார்கள். தடுக்க ஆள் இல்லை. தலைநகர் நியாமே நாட்டின் மேற்கு மூலையில் இருக்கிறது. கிழக்கே உள்ள திஃபா ஊர் அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். அவ்வளவு நீளக் கோட்டைக் காவல் காக்க அரசிடம் ஆளும் இல்லை, வாகனமும் இல்லை.

பிறகு 1968 முதல் 1973 வரை பெரும் வறட்சி. வடக்கே போன உழவர்களின் பயிர் கருகியது. மாடுகள் லட்சக்கணக்கில் செத்தன. பஞ்ச நிவாரணத் தானியத்தில் ஊழல் நடந்தது என்ற கோபத்தில் 1974 ஏப்ரலில் கூன்சே என்ற ராணுவ அதிகாரி ஆட்சியைப் பிடித்தார். நாட்டின் முதல் ராணுவப் புரட்சி அது. அதற்குப் பிறகு 1996, 1999, 2010, 2023 என்று அந்த வரிசை நீண்டது.

மக்கள் பெருகியதன் இன்னொரு விளைவு, தரிசு மறைந்தது. முன்பெல்லாம் நிலத்தைச் சில ஆண்டுகள் சும்மா போடுவார்கள். அறுவடைக்குப் பின் ஃபுலானிகளின் மாடுகள் வந்து தட்டையை மேயும், சாணம் போடும், மண் தேறும். உழவனுக்கும் மேய்ப்பனுக்கும் ஒருவரால் ஒருவருக்கு லாபம் இருந்தது. துண்டு நிலத்தை வருடா வருடம் உழவேண்டிய நிலை வந்ததும் தரிசும் போனது, மாடு நடக்கும் பாதையும் போனது, அந்த உறவும் போனது. மாடு பயிரில் இறங்கினால் இப்போது அரிவாள் எடுக்கிறார்கள். 1993-இல் நிலத்துக்கும் 2010-இல் மேய்ச்சலுக்கும் நல்ல சட்டங்கள் வந்தன. தகராறைத் தீர்க்க உள்ளூர் நில ஆணையங்கள் அமைக்கச் சொன்னார்கள். பல இடங்களில் அந்த ஆணையங்களுக்குக் கூட்டம் நடத்தவே பணம் இருப்பதில்லை.

அந்த இடத்தை யார் நிரப்புகிறார்கள்? மாலி, புர்க்கினா ஃபாஸோ எல்லைகள் சந்திக்கும் தில்லபேரி பகுதியில் ஆயுதக் குழுக்கள். மாட்டுத் திருட்டுக்குத் தீர்ப்புச் சொல்கிறோம், மந்தையைக் காப்பாற்றுகிறோம் என்று வந்து, அப்புறம் வரி கேட்டு, கொடுக்காதவர்களைக் கொல்கிறார்கள். 2021 ஜனவரியில் சோம்பாங்கு உள்ளிட்ட இரண்டு கிராமங்களில் மட்டும் சுமார் நூறு பேர் கொல்லப்பட்டார்கள். இதை வெறும் மதத் தீவிரவாதம் என்று படித்தால் பாதிதான் புரியும். நிலத் தகராறைத் தீர்க்க அரசிடம் ஒரு திண்ணைகூட இல்லாமல் போனதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இப்போது மக்கள்தொகைக்கு வருகிறேன். 1960-இல் சுதந்திரம் பெற்றபோது நைஜரில் சுமார் 33 லட்சம் பேர். 2001 கணக்கெடுப்பில் 1.1 கோடி. 2012-இல் 1.71 கோடி. இன்று 2.6 கோடியைத் தாண்டிவிட்டது. அந்த இரண்டு கணக்கெடுப்புகளுக்கும் இடையே ஆண்டுக்கு 3.9 சதவீத வளர்ச்சி. இந்த வேகத்தில் 18 ஆண்டுகளில் இரட்டிப்பாகிவிடும். மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் 15 வயதுக்குக் கீழே. 2012-இல் வீடு வீடாக நடத்திய மக்கள்தொகை, சுகாதார ஆய்வில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 7.6 குழந்தைகள். அண்மைக் கணிப்புகள் 6-க்குச் சற்று மேல் என்கின்றன.

இங்கே நம் ஊர்க்காரர்கள் உடனே சொல்வது, கருத்தடை சாதனம் கொடுத்தால் சரியாகிவிடும் என்பது. அதே 2012 ஆய்வில், எத்தனை குழந்தைகள் இருந்தால் நல்லது என்று கேட்டபோது பெண்கள் சொன்னது சராசரியாக 9, ஆண்கள் சொன்னது 11-க்குப் பக்கம். பெற்றதைவிட விரும்பியது அதிகம். ஓய்வூதியம் இல்லை, பயிர்க் காப்பீடு இல்லை, ஆஸ்பத்திரி தொலைவில். 1990-களின் தொடக்கத்தில் பிறந்த மூன்று குழந்தைகளில் ஒன்று ஐந்து வயதைத் தாண்டவில்லை. அந்த நாட்டில் ஒரு தாய் ஒன்பது பிள்ளை வேண்டும் என்று சொன்னால் அவளை அறியாமையில் இருக்கிறாள் என்று என்னால் சொல்ல முடியாது. அவள் கணக்குச் சரிதான். கணக்கு மாற வேண்டுமானால் அதில் இருக்கும் எண்கள் மாற வேண்டும்.

ஒரு எண் மாறவும் செய்தது. வெளிநாட்டுக் கடன் தள்ளுபடியில் மிச்சமான பணத்தைக்கொண்டு 2000-க்குப் பிறகு கிராமங்களில் சின்னச் சின்னச் சுகாதாரக் குடில்கள் கட்டினார்கள். ஓரிரு அறை, பயிற்சி பெற்ற ஒரு சுகாதாரப் பணியாளர், மலேரியாவுக்கும் வயிற்றுப்போக்குக்கும் நிமோனியாவுக்கும் மருந்து, அவ்வளவுதான். 2006-இல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மருத்துவம் இலவசம் என்று அறிவித்தார்கள். கொசுவலை பரவலாகக் கொடுத்தார்கள். 1998-இல் ஆயிரத்துக்கு 226 ஆக இருந்த குழந்தை இறப்பு 2009-இல் 128 ஆக இறங்கியது. அண்டை நாடுகள் பலவற்றைவிட வேகமான இறக்கம். உலகின் மிக ஏழை அரசுகளில் ஒன்று, ஊழல் உள்ள அரசு, இதைச் செய்தது. ஆட்சி பலவீனம் என்ற ஒரே முத்திரையில் இந்த வெற்றி காணாமல் போகக்கூடாது.

உடனடி விளைவு மக்கள்தொகை இன்னும் வேகமாக ஏறியதுதான். குழந்தைகள் பிழைத்தன, பிறப்பு குறையவில்லை. பெரும்பாலான நாடுகள் இந்தக் கட்டத்தைக் கடந்துதான் வந்தன. பிழைக்கும் என்ற நம்பிக்கை ஒரு தலைமுறைக்காவது ஊறிய பிறகுதான் பெற்றோர் குறைவாகப் பெறத் துணிகிறார்கள்.

பசி மக்கள் பெருக்கத்தால் மட்டும் வருவதில்லை என்பதற்கு 2005 சாட்சி. முந்தைய ஆண்டு விளைச்சல் சராசரியைவிடப் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் குறைந்திருந்தது. ஆனால் நைஜீரியாவில் நல்ல விலை கிடைத்ததால் கம்பு அங்கே ஓடியது, நைஜர் சந்தையில் விலை தாறுமாறாக ஏறியது. குழந்தைகள் மிக அதிகமாக வாடியது பாலைவன ஓரத்தில் அல்ல, நாட்டுக்கே தானியம் தரும் மராடியில். அறுவடை முடிந்ததும் கடனுக்காக மலிவாக விற்ற உழவர், அடுத்த அறுவடைக்கு முந்தைய மாதங்களில் அதே கம்பைக் கொள்ளை விலை கொடுத்து வாங்க முடியவில்லை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அந்த ஓராண்டில் நைஜரில் 60,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சிகிச்சை கொடுத்தது. அதிபர் டாஞ்சா பிபிசி பேட்டியில், மக்கள் நன்றாகச் சாப்பிட்டவர்களாகத்தான் தெரிகிறார்கள் என்றார். ஒரு ஆட்சியாளர் பேசியதில் என்னால் மன்னிக்க முடியாத பேச்சு அது.

அதே மராடி, அதன் கிழக்கே ஜிந்தர். இந்தப் பகுதிகள் இன்னொரு விஷயத்தையும் காட்டுகின்றன. பிரெஞ்சுக்காலத்து வனச் சட்டத்தின் கீழ், உழவன் நிலத்தில் நிற்கும் மரமும் அரசுக்கே சொந்தம். கிளை வெட்டினால் வன அதிகாரி அபராதம் போடுவார். அதனால் உழவர் முளைக்கும் கன்றையே பிடுங்கி எறிந்தார்கள். பிற்பாடு 1980-களில் அந்தப் பிடி தளர்ந்தது. டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலியர் மராடிப் பகுதியில் பழைய அடிக்கட்டைகளில் தானாகத் துளிர்ப்பதைக் காப்பாற்றினாலே போதும் என்று எடுத்துக் காட்டினார். மரம் தனக்குச் சொந்தம் என்ற நம்பிக்கை வந்ததும் உழவர்கள் தாங்களே பரப்பிக்கொண்டார்கள். அவர்கள் விரும்பிய மரங்களில் முக்கியமானது காவோ. மழைக்காலத்தில் இலை உதிர்த்துவிடுவதால் பயிருக்கு நிழல் தட்டாது, கோடையில் மாட்டுக்குக் காய் கொடுக்கும். சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பிவந்தன. மக்கள் நெருக்கமாக வாழும் இடங்களில்தான் இது நடந்தது. எல்லைக்கு அந்தப்பக்கம், அதே மழையும் அதே மண்ணும் உள்ள நைஜீரியப் பகுதியைவிட இங்கே மரம் அதிகம் என்று செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள்.

மக்கள் பெருகினால் மண் சாகும் என்பது விதி என்றால் இது நடந்திருக்கக் கூடாது. ஆனால் இதைக் காட்டி, பெருக்கம் ஒரு பிரச்சினையே இல்லை என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. 18 ஆண்டுகளில் இரட்டிப்பாகும் நாட்டில் பள்ளியும் கிணறும் ஆஸ்பத்திரியும் அதே 18 ஆண்டுகளில் இரட்டிப்பானால்தான் இருக்கும் நிலையாவது நிலைக்கும். இன்றைய பணக்கார நாடுகளில் பெரும்பாலானவை தங்கள் வளர்ச்சிக்காலத்தில் அந்த வேகத்தில் ஓட வேண்டியிருந்ததில்லை.

பிறப்பு விகிதத்தை இறக்க நல்லாட்சி முழுமையாக வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1971-இல் பிறந்த வங்கதேசத்தைப் பாருங்கள். 1975-லும் 1982-லும் ராணுவப் புரட்சி, ஊழல், வெள்ளம், பஞ்சம் எல்லாம் இருந்தும், வீடு வீடாகப் போன பெண் களப்பணியாளர்களை வைத்து 6-க்கு மேல் இருந்த விகிதத்தை நாற்பது ஆண்டுகளுக்குள் 2.3 அளவுக்குக் கொண்டுவந்தது. நைஜரில் ஜிந்தர் பகுதியில் ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் உதவியோடு தொடங்கிய கணவர்கள் பள்ளியும் அந்த வழியில்தான் போகிறது. ஊரில் மதிப்புள்ள ஆண்கள் கூடி, மனைவியரின் பிரசவம் பற்றியும் இடைவெளி விட்டுப் பெறுவது பற்றியும் பேசுகிறார்கள், சுகாதார நிலையத்துக்குப் பிரசவ அறை கட்டித் தருகிறார்கள். சின்ன முயற்சிதான், ஆனால் முடிவெடுப்பவர் யார் என்று தெரிந்து செய்த முயற்சி.

எல்லாவற்றிலும் பெரிய நெம்புகோல் பெண் பிள்ளைகளின் படிப்பு. நைஜரில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 76 சதவீதம் பேர் 18 வயதுக்கு முன் மணமானவர்கள் என்றது 2012 ஆய்வு. ஆரம்பப் பள்ளி ஊரில் இருக்கும்; அதற்கு மேல் படிக்க வேறு ஊருக்குப் போக வேண்டும். தங்க இடம் இல்லாவிட்டால் எந்தத் தகப்பன் பன்னிரண்டு வயதுப் பெண்ணை அனுப்புவான்? 2021-இல் அதிபரான பசூம் இதைச் சரியாகப் பிடித்தார். கிராமப்புறப் பெண்களுக்கு விடுதியோடு கூடிய பள்ளிகள் கட்டுவதைத் தன் முக்கியத் திட்டங்களில் ஒன்றாக வைத்தார்.

2023 ஜூலை 26-இல் அவருடைய காவல்படைத் தலைவர் சியானியே அவரைச் சிறைவைத்தார். மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு சில நாட்களிலேயே எல்லைகளை மூடியது. நைஜரின் மின்சாரத்தில் சுமார் 70 சதவீதத்தைக் கொடுத்துவந்த நைஜீரியா கம்பியைத் துண்டித்தது. புரட்சி செய்த தளபதிகள் இறங்கிவிடவில்லை. ஊர்ச் சந்தையில் அரிசி விலை ஏறியது, மருந்து லாரிகள் எல்லையில் நின்றன. அக்டோபரில் ராணுவ அரசு அந்த ஆண்டின் வரவுசெலவுத் திட்டத்தை 40 சதவீதம் வெட்டியது. 2024 பிப்ரவரியில் தடைகள் விலக்கப்பட்ட பிறகும் பெனின் நாட்டோடு உள்ள எல்லையை நைஜர் ராணுவ அரசே திறக்க மறுத்தது. 2025 ஜனவரியில் நைஜர் அந்தக் கூட்டமைப்பை விட்டே விலகியது.

இரண்டு தரப்பும் தங்கள் பலத்தைக் காட்டியது எல்லையை மூடித்தான், ஏனென்றால் தலைநகரிலிருந்து ஒரு உத்தரவில் செய்துவிடக்கூடியது அது. விடுதி கட்ட, அதற்கு ஆசிரியை அனுப்ப, அவளுக்கு மாதாமாதம் சம்பளம் போய்ச்சேர ஆண்டுகள் ஆகும். நைஜரில் பெண்களில் பாதிப்பேருக்கு 16 வயதைத் தொடும் முன்பே கல்யாணம் ஆகிவிடுகிறது என்றது அந்த 2012 ஆய்வு. அந்தக் கணக்கு மாறியிருக்காவிட்டால், புரட்சி நடந்தபோது பத்து வயதாக இருந்த பெண்களில் பாதிப்பேருக்கு 2029-க்குள் கல்யாணம் ஆகிவிடும்.